ஏறும் நீரும் இறங்கும் உணவும்

ஔவையாரின் பெயரால் வழங்கும் மூதுரையில் கடவுள் வாழ்த்தை அடுத்து வரும் முதற்பாடல் தென்னையைப் பற்றியது. பிறருக்குச் செய்த உதவி எப்போது திரும்பி வரும் என்று ஐயுற வேண்டாம். தென்னை காலால் குடித்த நீரைத் தலையால் திருப்பித் தருவதைப் பாருங்கள் என்பது அதன் கருத்து. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவரும் அதை ஒருமுறையேனும் மனனம் செய்திருப்பார்கள். மனனம் செய்ததாலேயே அதில் உள்ள வியப்பை நாம் இழந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அறுபது எழுபது அடி உயரத்துக்கு, ஓசையில்லாமல், இயந்திரம் இல்லாமல், நீர் எப்படி ஏறுகிறது? தலை தருகிற நீர், கால் குடித்த அதே நீர்தானா? நன்றியைப் பற்றிப் பேச வந்த பாடலுக்கு இக்கேள்விகள் தேவையில்லை. ஆனால் உவமையை உண்மையென்று நம்பி வாசிப்பவனுக்குத் தேவைப்படுகின்றன.

கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ் வகுப்பு என்பது எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து உட்காரும் இடம். வணிகவியலும் கணிதமும் தாவரவியலும் ஒரே பெஞ்சில் இருக்கும். அற இலக்கியம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாளில் இப்பாடலைச் சொல்லி முடித்ததும், தாவரவியல் படிக்கும் மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள். "ஐயா, இளநீர் வேர்லருந்து நேரா ஏறி வர்றதில்ல. தண்ணி முதல்ல ஓலைக்குப் போகும். அங்க சர்க்கரையோட சேந்து, வேற குழாய் வழியாத்தான் காய்க்கு வரும்" என்றாள். கரும்பலகைக்கு வரச் சொன்னேன். இரண்டு கோடுகள் போட்டாள். ஒன்றில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. மற்றொன்றில் ஓலையிலிருந்து புறப்பட்டு காய்க்கும் தண்டுக்கும் வேருக்குமாகப் பிரியும் அம்புக்குறிகள். முதல் கோட்டின் பெயர் சைலம், இரண்டாவதன் பெயர் ஃபுளோயம். அன்றைய மீதி வகுப்பு மரத்துக்கே போயிற்று. அந்த இரண்டு கோடுகளை விளங்கிக்கொள்ள அதன்பின் நான் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன். தமிழ் படித்தவன் தாவரம் பேசலாமா என்று கேட்கும் நண்பர்கள், நம் இலக்கணமே தாவரம் பேசியிருக்கிறது என்பதைப் பின்னால் காண்பார்கள்.

*

கரிசல் காட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க, மேட்டில் இருந்த மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே ஒரு திட்டு கட்டி இறக்கி வைப்பார்கள். உறிஞ்சுகிற பம்பு ஓர் ஆழத்துக்கு மேல் எவ்வளவு திறன் கூட்டினாலும் நீரை எடுக்காது. அந்த எல்லை ஏறத்தாழ 10 மீட்டர். நடைமுறையில் அதற்கும் குறைவு. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இந்த எல்லையைக் குறிப்பிட்டார். காற்றின் எடைதான் நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது, அந்த எடை தாங்கும் உயரம் அவ்வளவுதான் என்பதை அவருடைய மாணவர் டாரிசெல்லி விளக்கினார். அப்படியானால் 20 மீட்டர் தென்னை என்ன செய்கிறது? கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளில், 2006இல் கண்டறியப்பட்ட 'ஹைபீரியன்' என்னும் மரம் 115 மீட்டருக்கும் மேல் நிற்கிறது. அதன் உச்சித் தளிரும் நனைந்துதான் இருக்கிறது. உறிஞ்சுகிற பம்பின் கணக்கு மரத்துக்குப் பொருந்தவில்லை.

வேர் கீழிருந்து தள்ளுகிறது என்பது முதல் விடை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் துளிகள் எல்லாமே பனி அல்ல; சில, வேரின் அழுத்தத்தால் இலைக்குள்ளிருந்து கசிந்தவை. ஆனால் அந்த அழுத்தம் சிறியது. மரத்துக்கு நீர் மிகுதியாகத் தேவைப்படும் நண்பகலில் அது பெரும்பாலும் இருப்பதே இல்லை.

இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், 1727இல் வெளிவந்த தம் நூலில் இன்னொரு திசையைக் காட்டினார். தொட்டியில் வளர்ந்த மூன்றரை அடிச் சூரியகாந்திச் செடியைக் காலையும் மாலையும் எடை போட்டுப் பார்த்தார். ஒரு பகலில் அது சராசரியாக ஏறத்தாழ 20 அவுன்ஸ் நீரைக் காற்றில் விட்டது. அரை லிட்டருக்கும் அதிகம். இலைகளை நீக்கினால் உறிஞ்சுவதும் குறைந்தது. ஆக, விடை வேரில் இல்லை, இலையில் இருக்கிறது என்று ஆயிற்று.

அப்போதும் ஒரு சந்தேகம் எஞ்சியது. வழியில் உள்ள உயிருள்ள செல்கள் கைமாற்றிக் கைமாற்றி நீரை மேலேற்றுகின்றனவோ? 1890களின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தாவரவியலர் ஸ்ட்ராஸ்பர்கர், நெடிய மரங்களை அடியில் அறுத்து நச்சுக் கரைசலில் நிறுத்தினார். நஞ்சு ஏறிய வழியெங்கும் செல்கள் மடிந்தன. ஆனாலும் ஏற்றம் நிற்கவில்லை. இலைகள் நஞ்சுண்டு மடிந்த பிறகே நின்றது. நீர் ஏறும் வழிக்கு உயிர் தேவையில்லை, வழியின் முடிவில் உள்ள இலைக்கே தேவை என்பது அதன் பொருள்.

நம் நாட்டு ஜகதீஷ் சந்திர போஸ் இதை ஏற்கவில்லை. தாவரம் துடிக்கிறது, அதன் உள்ளே இதயம் போல் விரிந்து சுருங்கும் செல்கள் நீரைத் தள்ளுகின்றன என்று 1923இல் சாறேற்றத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். நுண்மையான கருவிகளைத் தாமே செய்து அளந்தவர் அவர். தாவரங்களின் மின்துடிப்புகள் பற்றிய அவருடைய ஆய்வுகள் இன்று மீண்டும் மதிக்கப்படுகின்றன. ஆனால் சாறேற்றத்தைப் பொறுத்தவரை அறிவியல் அவர் வழியில் செல்லவில்லை. ஓர் இலக்கிய வாசகனாக எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு. மரத்துக்கு இதயம் இருக்கிறது என்பது எவ்வளவு அழகான வரி! ஆனால் உண்மையாக நிலைத்தது அதைவிட விந்தையானது.

டப்ளின் நகரில் டிக்சனும் ஜாலியும் 1894இல் முன்வைத்த கோட்பாடு அது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்கின்றன. இலையின் அடியில் உள்ள நுண்ணிய இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகிப் போகும்போது, இலைக்குள் இருக்கும் செல்சுவர்களின் மிகமிக நுண்ணிய இடுக்குகளில் நீரின் பரப்பு உள்வளைகிறது. அந்த வளைவு தனக்குப் பின்னால் உள்ள நீரை இழுக்கிறது. அது அதற்குப் பின்னால் உள்ளதை இழுக்கிறது. இப்படி இலையிலிருந்து வேர் வரை, வேரிலிருந்து மண் வரை ஒரே நீர்க்கயிறு. கிணற்றடியில் வாளிக் கயிற்றை இழுப்பது போல, சூரியன் அந்தக் கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. நீரை ஏற்றும் வேலைக்கு மரம் தன் கையிருப்பிலிருந்து ஏறத்தாழ எதுவும் செலவழிப்பதில்லை. செலவு வெயிலுடையது.

இந்தக் கயிறு ஓடும் சைலக் குழாய்கள் இறந்த செல்களால் ஆனவை. சாகாமல் இருந்தால் அவற்றுக்குள் நீர் ஓட இடமிருக்காது. பிறந்து, நீண்டு, சுவரைக் கெட்டிப்படுத்திக்கொண்டு, பின் தம் உள்ளீட்டை முற்றிலும் அழித்துக்கொண்டு வெறுங்குழாயாகி விடுகின்றன. அதற்குப் பிறகுதான் அவற்றின் பணி தொடங்குகிறது. சுவர் கெட்டியாக இல்லாவிட்டால் உள்ளே நடக்கும் இழுப்பில் குழாய் நசுங்கிவிடும்.

இழுப்பு எவ்வளவு என்பதை 1965இல் ஷோலாண்டர் அளந்து காட்டினார். நெடுமரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி, உடனே ஓர் அழுத்தக் கலத்தில் வைத்து, அறுபட்ட முனையில் சாறு மீண்டும் எட்டிப்பார்க்க எவ்வளவு அழுத்தம் வேண்டியிருக்கிறது என்று பார்த்தார்கள். அலையாத்தி மரங்களையும் அப்படியே சோதித்தார்கள். உப்பு தன்பால் நீரைப் பிடித்துவைக்கும். கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரித்திழுக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம் தேவை. அலையாத்தி அதற்கும் மேலே இழுத்துக்கொண்டு நிற்கிறது. பிச்சாவரத்தில் படகில் போகும்போது நம் இருபுறமும் அமைதியாக நிற்பவை அந்த இழுப்பில்தான் நிற்கின்றன.

கயிறு அறுவதும் உண்டு. மண் வறண்டு, வெயில் மிகுந்து, இழுப்பு எல்லை கடக்கும்போது குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்து நீர்த்தொடர் பட்டென்று அறும். 1966இல் மில்பர்னும் ஜான்சனும் ஆமணக்கு இலையில் நுண்ணிய ஒலியுணரியைப் பொருத்தி, நீரின்றி வாடும்போது அது 'டிக் டிக்' என்று ஒலிப்பதைக் கேட்டார்கள். வாடும் தக்காளிச் செடியும் புகையிலைச் செடியும் காற்றிலேயே பரவும் மீயொலிகளை எழுப்புகின்றன என்று 2023இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதுவும் இத்தகைய குமிழிகளின் ஓசையாகலாம் என்கிறார்கள். நம் செவிக்கு எட்டாத ஓசை அது. வாடிய பயிரைக் கண்டு வாடியவரைத் தந்த மொழி நம்முடையது. அப்பயிர் ஒலித்துக்கொண்டும் இருந்தது என்பது இப்போது தெரிகிறது.

மரம் ஏன் வானளாவ வளர்ந்துகொண்டே போவதில்லை என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. செம்மரங்களின் உச்சியில் ஏறி அளந்த குழு ஒன்று 2004இல், மரம் எட்டக்கூடிய உயரம் 122 முதல் 130 மீட்டர் வரையே என்று கணக்கிட்டது. அதற்கு மேல் கயிற்றின் எடையே கயிற்றுக்குப் பகை.

இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட பங்கு காற்றில் போய்விடுகிறது. கரியமில வாயு உள்ளே வரவேண்டுமானால் இலைத்துளையைத் திறக்க வேண்டும். திறந்தால் நீர் போகும். கதவைத் திறந்து வைத்தால்தான் விருந்து வரும். திறந்து வைத்தால் வீட்டில் உள்ளதும் வெளியே போகும். இதற்கு இடையில் ஒவ்வொரு கணமும் கணக்குப் பார்ப்பதே இலையின் வாழ்க்கை.

*

மாணவி போட்ட இரண்டாவது கோடு இறங்கும் வழி. ஃபுளோயம் மரப்பட்டையின் உட்புறத்தில் இருக்கிறது. இலை சமைத்த சர்க்கரையைச் சுமந்து செல்வது அதுவே. சைலத்துக்கு நேர்மாறாக, இதன் சல்லடைக் குழாய்கள் உயிருள்ளவை. ஆனால் அவற்றுக்கு உட்கரு கிடையாது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணைச்செல்லே அவற்றுக்கும் சேர்த்து வாழ்கிறது.

இவ்வழி எப்படி இயங்குகிறது என்பதை ஜெர்மானியரான மியூன்ச் 1930இல் விளக்கினார். சர்க்கரை ஏற்றப்படும் இடத்தில் கரைசல் அடர்த்தியாகிறது, அடர்த்தி பக்கத்துச் சைலத்திலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது, அழுத்தம் கூடுகிறது. சர்க்கரை இறக்கப்படும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஓட்டம். கூடும் இடம் முதிர்ந்த இலை. குறையும் இடம் எங்கெல்லாம் பசி இருக்கிறதோ அங்கெல்லாம்: வேர், குருத்து, பூ, காய். ஆகவே 'இறங்கும் வழி' என்ற பெயர் முழுவதும் சரியல்ல. பசி மேலே இருந்தால் உணவு மேலேயும் போகும். அசுவினிப் பூச்சிக்கு இந்த ரகசியம் தெரியும். அது தன் ஊசி போன்ற வாயைச் சரியாக ஒரு சல்லடைக் குழாய்க்குள் செருகி விடுகிறது; பிறகு உறிஞ்சக்கூட வேண்டியதில்லை, அழுத்தமே ஊட்டிவிடும். ஆய்வாளர்கள் பூச்சியின் உடலைத் துண்டித்து ஊசியை மட்டும் விட்டுவைத்தபோது அதன் வழியே சாறு சொட்டிக்கொண்டே இருந்தது.

இதை அசுவினிக்குப் பிறகு நன்றாக அறிந்தவர்கள் நம் பனையேறிகள். பாளையைக் கட்டி, நசுக்கி, நாள்தோறும் நுனியை மெல்லிய இழையாகச் சீவி விடுகிறார்கள். வடிவது இலை சமைத்து, பூவுக்கென்று அனுப்பிய ஃபுளோயச் சாறு. ஒருநாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளத் தொடங்குகிறது; காயத்தை மூடுவது மரத்தின் இயல்பு. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீர், தடவாத கலயத்தில் கள். காலால் குடித்தது இப்படித்தான் தலைக்கு வந்து, ஓலைக்குள் வெயிலோடு கலந்து, இனிப்பாக மாறிய பிறகே நம் கைக்கு வருகிறது. குடித்த நீரையே தென்னை திருப்பித் தரவில்லை; அதைச் சமைத்துத் தருகிறது. மாணவியின் திருத்தத்தால் மூதுரை சிறுக்கவில்லை. உதவி திரும்பி வரும்போது கொடுத்த வடிவத்தில் வருவதில்லை என்று இன்னொரு பொருளும் அதற்குச் சேர்கிறது.

மண்ணின் சத்துகளுக்கும் இவ்விரண்டு வழிகளே கதி. தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் நீரில் கரைந்து வேர்த்தூவிகளை அடைகின்றன. வேரின் உட்பக்கம் அகத்தோல் என்றொரு வளையம் உண்டு. அதன் செல்களுக்கிடையே நீர் புகாத பட்டை ஒன்று ஓடுகிறது. எனவே மண்ணிலிருந்து வரும் எதுவும் உயிருள்ள ஒரு செல்லின் ஒப்புதல் பெறாமல் உள்ளே நுழைய முடியாது. நுழைந்தவை சைலத்தில் ஏறி இலைக்குப் போகின்றன. பிறகு நடப்பதுதான் என்னைப் பெரிதும் தொட்டது. இலை முதிர்ந்து உதிரும் காலம் வரும்போது, அது தன்னிடமுள்ள தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவற்றில் பெரும்பங்கைப் பிரித்து ஃபுளோயம் வழியே திருப்பி அனுப்பிவிடுகிறது. சுண்ணாம்புச் சத்து மட்டும் பெரும்பாலும் போன இடத்திலேயே தங்கிவிடும். அதனால்தான் மக்னீசியம் குறைந்த மரத்தில் கீழோலைகள் முதலில் வெளிறுகின்றன. சுண்ணாம்பு குறைந்த செடியில் குருத்து முதலில் கருகுகிறது. பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பது நம்மிடையே உள்ள பழமொழி. அந்தக் குருத்து உண்டுகொண்டிருப்பது பழுத்த ஓலை எழுதிவைத்துப் போன சொத்து என்பது பழமொழிக்கு மேலும் ஓர் அடி கூட்டுகிறது.

*

தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது. வயிரம் வெளிப்புறத்தில் உள்ளவை புல். உட்புறத்தில் உள்ளவை மரம். இக்கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் மரம் அல்ல, புல். இதை மாணவர்களுக்குச் சொல்லும்போது முதலில் சிரிப்பார்கள். பனைமரம் என்று வாய்நிறையச் சொல்லிப் பழகியவர்கள் அல்லவா! ஆனால் ஒருவித்திலை, இருவித்திலை என்று இன்றைய தாவரவியல் பிரிப்பதை இது பெரும்பாலும் தொட்டுவிடுகிறது. மா, வேம்பு முதலியவற்றில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. அது உள்நோக்கிச் சைலத்தையும் வெளிநோக்கி ஃபுளோயத்தையும் ஆண்டுதோறும் புதிதாகத் தருகிறது. உள்ளே தள்ளப்பட்ட பழைய சைலம் நீர் ஏற்றுவதை நிறுத்தி, நிறம் மாறி, வயிரமாகிறது. மரத்தின் வயிரம் என்று நாம் போற்றுவது ஓய்வுபெற்ற நீர்க்குழாய்களைத்தான்.

பனையில் அந்த வளர்படலம் இல்லை. குழாய்க் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறி, ஓரத்தில் நெருங்கி நிற்கின்றன. அதனால் வெளியே வயிரம், உள்ளே சோறு. புதிதாகக் குழாய் போட வழியில்லாததால், தண்டின் அடிப்பகுதி உருவானபோது அமைந்த குழாய்களே மரம் உள்ளவரை நீரையும் உணவையும் சுமக்க வேண்டும். நூறு வயதுப் பனையின் அடியில் உயிரோடிருக்கும் சல்லடைச் செல்களுக்கும் வயது ஏறத்தாழ நூறு. இதில் ஒரு நன்மையும் உண்டு. பனையின் மேற்புறத்தை வளையமாகச் செதுக்கினால் அது உடனே பட்டுவிடாது. அதன் வழிகள் உடலெங்கும் பரவிக் கிடக்கின்றன. மாமரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

*

இதை ஏட்டளவில் அல்லாமல் கண்ணெதிரே அறிய நேர்ந்தது 2018 ஆடி மாதத்தில். நான் பணியாற்றும் கல்லூரி மேற்குத் தொடர்ச்சி மலையின் சாரல் எட்டும் ஒரு சிற்றூரில் இருக்கிறது. தமிழ்த்துறைக்குப் பின்னால் ஒரு மாமரம். எனக்கு முந்திய தலைமுறை ஆசிரியர்கள் நட்டது. ஒரு காலைப்பொழுதில் தோட்டக்காரப் பெரியவர் துறை வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, கொஞ்சம் வந்து பாருங்க. நம்ம மாவுக்கு யாரோ அரைஞாண் கட்டுன மாதிரி செதுக்கி வச்சிருக்காங்க."

போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், நான்கு விரற்கடை அகலத்துக்கு, பட்டை சுற்றிலும் உரிக்கப்பட்டிருந்தது. மேலே சேற்றைப் பூசி மறைத்திருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் ஓர் இலைகூட வாடியிருக்கவில்லை.

"இலையெல்லாம் பச்சையாத்தான இருக்கு?" என்றேன்.

"அதான் ஐயா சூது. இப்பத் தெரியாது. அடுத்த கோடையில தெரியும்."

யார் செய்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த இடத்தில் வண்டி நிறுத்தும் கொட்டகை போடலாம் என்று பேச்சு இருந்தது. பச்சை மரத்தை வெட்டினால் நாலு பேர் கேட்பார்கள். பட்ட மரத்தை வெட்டினால் கேட்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டவர் யாராகவும் இருக்கலாம்.

தாவரவியல் துறைப் பேராசிரியை வந்து வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார். "சார், மேல போற தண்ணி அறுபடல. உள்கட்டைய அவங்க தொடல. கீழ வர்ற சாப்பாடுதான் அறுந்திருக்கு. வேர் இனி தன் சேமிப்பத் தின்னுக்கிட்டே மேல தண்ணி அனுப்பும். சேமிப்பு தீர்ற அன்னைக்கு வேர் சாகும். அதுக்குப் பெறகுதான் இலைக்கே தெரியும்" என்றார். இத்தாலியரான மால்பிகி பதினேழாம் நூற்றாண்டிலேயே இப்படிப் பட்டையை வளையமாக உரித்து, வளையத்துக்கு மேல்விளிம்பு வீங்குவதைக் கண்டு எழுதியிருக்கிறார். எங்கள் மரத்தில் அந்த வீக்கம் அப்போதே தொடங்கியிருந்தது. இலை அனுப்பிய சர்க்கரை, போக வழியில்லாமல் விளிம்பில் வந்து தேங்கி நின்றது.

நான் அன்று இரவு நெடுநேரம் விழித்திருந்தேன். பட்டினி கிடந்தபடி பரிமாறிக்கொண்டிருக்கும் வேரும், வயிறு நிறைந்து எதையும் அறியாத இலையும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. எங்கள் வீட்டில் நான் மட்டும் படித்தவன். என் அக்கா எட்டாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆலைக்குப் போனார். என்னுடைய முதுகலைப் படிப்புக்கான விடுதிக் கட்டணம் குச்சி அடுக்கிய கையிலிருந்து வந்தது. இன்று அக்காவின் மகள் செவிலியர் படிப்பு முடித்து வேலையில் இருக்கிறாள். அந்தப் படிப்புக்கு என்னால் ஆனதைச் செய்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இரண்டாவது வழி என்று ஒன்று இருக்க வேண்டும் என்பது எனக்குத் தாவரவியல் தெரியும் முன்பே வீட்டில் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த வளையத்தை வெறும் மரக்காயமாகப் பார்க்க முடியவில்லை.

பேராசிரியை ஒரு வழி சொன்னார். பால ஒட்டு என்று பெயர். அதே மரத்திலிருந்து பென்சில் கனமுள்ள குச்சிகளை வெட்டி, இரு முனைகளையும் சாய்வாகச் சீவி, ஒரு முனையைக் காயத்துக்குக் கீழுள்ள பட்டைக்குள்ளும், மறுமுனையை மேலுள்ள பட்டைக்குள்ளும் செருகிப் பாலம் போட வேண்டும். குச்சியின் வளர்படலமும் மரத்தின் வளர்படலமும் தொட்டுக்கொண்டால் ஒட்டும். குச்சி தலைகீழாகிவிடக் கூடாது. அது மரத்தில் எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அந்தப் பக்கமே மேலாக இருக்க வேண்டும். காற்றில் மரம் அசையும்போது அறாமல் இருக்கச் சற்று வில்போல் வளைத்து வைக்க வேண்டும். சாரல் காலமாக இருந்தது நல்லதாயிற்று. மரத்தில் வளர்ச்சி ஓடும் பருவத்தில்தான் பட்டை எளிதில் விட்டுக்கொடுக்கும்.

பதினான்கு குச்சிகள் வைத்தோம். பேராசிரியை சீவினார், அவருடைய மாணவர்கள் செருகினார்கள், பெரியவர் மெல்லிய ஆணி அடித்தார். நான் தேன்மெழுகை உருக்கிக் கொடுத்தேன். தமிழ் மாணவர்கள் சிலர் சுற்றி நின்று பார்த்தார்கள். இறுதியில் நனைத்த சாக்கால் மூடினோம். "பச்ச உடம்புக்காரி மாதிரி பாத்துக்கணும்" என்று பெரியவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று மாதங்கள் அவர் அந்தச் சாக்கைக் காயவிடவில்லை. குச்சிகளில் தளிர் வந்தால் கிள்ளிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பாலம் கிளையாகிவிடக் கூடாதல்லவா. அதையும் அவரே பார்த்துக்கொண்டார்.

பதினான்கில் ஒன்பது ஒட்டின. ஐந்து கருகி உதிர்ந்தன. அடுத்த கோடையில், பெரியவர் சொன்னபடியே, பாலம் விழாத கிழக்குப் பக்கத்தில் ஒரு பெருங்கிளை பட்டுப்போயிற்று. அதை வெட்டி எடுத்தோம். மற்ற கிளைகள் நின்றன. கொட்டகை வேறோர் இடத்துக்குப் போயிற்று. அதற்கு மரம் காரணமா, பணம் காரணமா என்று யாரும் சொல்லவில்லை.

அந்த ஒன்பது குச்சிகளும் இப்போது குச்சிகள் அல்ல. ஆண்டுக்கு ஆண்டு பருத்து, கட்டைவிரலாகி, மணிக்கட்டாகி, சில இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. தூரத்திலிருந்து பார்த்தால் மரம் முக்காலியின் மேல் ஏறி நிற்பது போலத் தெரியும். பழைய வளையம் அவற்றுக்குப் பின்னால் கருத்த தழும்பாக இருக்கிறது. பாலங்களின் வழியே இறங்கும் உணவுக்கு வாசனையோ ஓசையோ கிடையாது. அது இறங்குகிறது என்பதற்குச் சான்று, வேர் இன்னும் நீர் அனுப்பிக்கொண்டிருப்பதும் மரம் ஆண்டுதோறும் பூப்பதுமே.

பெரியவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். மாங்காய்ப் பருவத்தில் மட்டும் ஒருமுறை வருவார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒவ்வொரு பாலமாகத் தட்டிப் பார்ப்பார். சென்ற முறை வந்தபோது கீழே விழுந்த காய் ஒன்றை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "முந்திக்கு இப்பக் கொஞ்சம் சிறுத்துத்தான் இருக்கு ஐயா. ஆனா புளிப்பு மாறல" என்றார். ஒன்றைத் துண்டில் முடிந்துகொண்டார். இன்னொன்றை என்னிடம் தந்தார்.